சாவு எடுக்கும் முன் விழுந்தவர்

செய்த குற்றத்துக்கு வருந்துகிறாயா? ஆயுள் கைதிகளை முன்கூட்டியே விடுவிக்கலாமா என்று முடிவு செய்யும் குழு, தன் முன்னால் வந்து நிற்கும் ஒவ்வொருவரிடமும் ஏதாவது ஒரு வடிவத்தில் இதைக் கேட்கும். ஆமாம் என்றால் வெளியே வர வழி உண்டு. இல்லை என்றால், சிறைக்குள் எவ்வளவு ஒழுங்காக இருந்திருந்தாலும், பெயர் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப் போகும்.

நான் கோயம்புத்தூர் நாளிதழ் ஒன்றில் நீதிமன்றச் செய்திகள் எழுதி ஓய்வு பெற்றவள். வீடு பாலக்காட்டை ஒட்டிய கஞ்சிக்கோட்டில். கல்பாத்தியில் ஒரு பெண் வக்கீல் இருக்கிறார். செய்யாத குற்றத்துக்காக உள்ளே இருப்பவர்கள் என்று தனக்கு உறுதியானவர்களின் வழக்குகளைக் கட்டணம் வாங்காமல் எடுப்பார். அவர்களில் தமிழ் பேசுகிறவர்களுக்கும் அவருக்கும் இடையில் மொழிபெயர்ப்பது என் வேலை. மலையாளக் கோப்புகளை வாசித்துச் சொல்வதும் நான்தான். அவருக்கும் தமிழ்தான் வீட்டுமொழி. ஆனால் அந்தப் பாலக்காட்டுத் தமிழைக் கேட்டு மலை ஊர்க்காரர்கள் பாதி புரிந்துகொள்வார்கள், பாதிக்குச் சிரிப்பார்கள்.

நான் சொல்லப் போகிற மனிதர் மூணாறுக்கு மேலே வட்டவடையைத் தாண்டி மலைக்குள் இருக்கும் ஒரு ஊரைச் சேர்ந்தவர். பூண்டும் கேரட்டும் போடுகிறவர். பங்காளி ஒருவரைக் கொன்றதாக ஆயுள் தண்டனை. அவர் கொல்லவில்லை. விசாரித்த பிறகுதான் இப்படி எழுதுகிறேன்.

நடந்தது இது. அந்த ஊரில் வாய்க்கால் தண்ணீர் ஒவ்வொரு வீட்டு வயலுக்கும் முறை வைத்து வரும். ஒரு நாள் காலையில், இவருடைய முறையில் பங்காளி மடையைத் தன் பக்கம் திருப்பிவிட்டார் என்று இருவருக்கும் வாய்ச்சண்டை. ஊரே கேட்டது. மதியம் இவர் பூண்டு மூட்டைகளோடு ஜீப்பில் மூணாறு போனார். அன்று ஜீப் திரும்பாததால் அங்கே ஒரு கடைத் தாழ்வாரத்தில் படுத்துவிட்டு மறுநாள் காலை அதே ஜீப்பில் வந்தார். வந்தபோது பங்காளியின் வீட்டில் அழுகை. முந்திய இரவு சோறு தின்றுவிட்டு, மழையில் மடை பார்க்கப் போனவர் விடிந்தபோது மேல் வயலைத் தாங்கி நிற்கும் கல்கட்டுக்குக் கீழே கிடந்தார். தலையில் அடி.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. செத்தவரோடு சண்டையில் இருந்தவர்கள், சாவு எடுக்கும் முன், பிணத்தின் காலடியில் விழுந்து “என் மேல தப்பு” என்று சொல்ல வேண்டும். யார் பக்கம் நியாயம் என்று யாரும் பார்ப்பதில்லை. சண்டையைச் செத்தவர் சுமந்துகொண்டு போகக் கூடாது, இருப்பவரும் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது என்பதுதான் விஷயம். தலைப்பாகை கட்டிய ஊர்ப் பெரியவர் “ஆச்சு” என்பார். அதோடு முடிந்தது. விழுந்தவர் பிறகு அந்தச் சண்டையைப் பற்றி மறுபேச்சுப் பேசக் கூடாது. பேசினால் விழுந்தது செல்லாது.

இவர் மூணாறிலிருந்து வந்த சட்டையோடு போய் விழுந்தார். பெரியவர் “ஆச்சு” என்றார். புதைத்தார்கள்.

செத்தவருக்குப் பெண் கொடுத்தவர்கள் வேறு ஊர்க்காரர்கள். சாவில் சந்தேகம் என்று அவர்கள் புகார் கொடுத்தார்கள். உடலைத் தோண்டி எடுத்துப் பரிசோதித்தார்கள். போலீஸ் ஊருக்குள் வந்தபோது பெரியவர்கள் எதிரே போய் நின்று விவரம் சொன்னார்கள். சண்டை இருந்தது வாஸ்தவம், ஆனால் அவன் விழுந்துவிட்டான், ஊர் மன்னித்துவிட்டது, இனி இதில் விசாரிக்க ஒன்றும் இல்லை. இப்படிச் சொன்னால் போலீஸ் திரும்பிப் போய்விடும் என்று அவர்கள் நினைத்தார்கள். அவரை வண்டியில் ஏற்றியபோதுகூட, பொழுது சாய்வதற்குள் விட்டுவிடுவார்கள் என்றே நினைத்தார்கள்.

போலீசிடம் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டால் நீதிமன்றத்தில் அது செல்லாது. ஊர்க்காரர்களிடம் ஒப்புக்கொண்டதாகச் சாட்சி வந்தால் செல்லும். இந்த வேறுபாடு சட்டம் படித்தவர்களுக்குத் தெரியும். பெரியவருக்குத் தெரியாது. தலைப்பாகையோடு சாட்சிக் கூண்டில் ஏறி, தன் ஊர்க்காரனுக்கு நற்சான்றிதழ் கொடுப்பவர் போல உரக்கச் சொன்னார்:

“விழுந்தானுங்கய்யா. எல்லாருக்கும் முன்னால விழுந்து, என் மேல தப்புன்னான். நல்ல பய.”

அரசு வக்கீல் அதற்கு மேல் எதுவும் கேட்காமல் உட்கார்ந்துவிட்டார். கைதிக்காக அரசே அமர்த்திய வக்கீல், விழுவது என்றால் என்ன, எதற்காக விழுந்தான் என்று கேட்கவில்லை. அந்தச் சாட்சியத்தின் மலையாள வடிவத்தை நான் பெரியவரிடம் வாசித்துச் சரிபார்த்திருக்கிறேன். ஒரு வார்த்தை மாறவில்லை. மொழிபெயர்த்தவர் நன்றாகவே செய்திருந்தார்.

கடைசியில் நீதிபதி கைதியிடம், உனக்குச் சொல்ல ஏதாவது உண்டா என்று கேட்டார். செத்தவரின் தாய் நீதிமன்ற பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். விழுந்தவர் மறுபேச்சுப் பேசக் கூடாது.

“ஊரு சொன்னது சரிதான்” என்றார் இவர்.

மேல்முறையீடு தள்ளுபடியான பிறகுதான் வழக்கு எங்கள் வக்கீலிடம் வந்தது. அவர் ஜீப் ஓட்டுநரைத் தேடிப் பிடித்தார். இரண்டு பயணமும் ஓட்டுநருக்கு நன்றாக நினைவிருந்தது. இத்தனை வருடமாக ஏன் சொல்லவில்லை என்றதற்கு, “எங்கிட்ட யாரும் கேக்கலையே” என்றார். அவருடைய வாக்குமூலத்தோடு மறுபடி நீதிமன்றம் போனோம். விசாரணையில் சொல்லாததை இவ்வளவு காலம் கழித்துச் சொல்வதை ஏற்க முடியாது என்று பதில் வந்தது. பாக்கி இருந்தது அந்தக் குழு மட்டும்.

“இனி ஒரு வாசல்தான்” என்றார் வக்கீல். “அவர்ட்ட பக்குவமாச் சொல்லுங்கோ. இது கோர்ட்டில்லை, சாட்சியில்லை, வாதமில்லை. வருத்தப்படறேன்னு ஒரு வார்த்தை. அது போறும்.”

“பொய் சொல்லச் சொல்றீங்களா?”

“வருத்தமில்லாத மனுஷா உண்டோ? எனக்குந்தான் வருத்தமிருக்கு. எதுக்குன்னு கேட்டாத்தானே கஷ்டம்.”

“கேப்பாங்களே.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “கேப்பா” என்று ஒப்புக்கொண்டார்.

மனைவியை அடுத்த வாரம் வரச் சொன்னோம். ஊரிலிருந்து ஜீப்பில் மூணாறு இறங்கி, அங்கிருந்து ஆலுவா வழியாகத் திருச்சூர் சிறைக்கு வந்தால் அவருக்குச் சுருக்கு. ஆனால் உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி என்று சுற்றி, தமிழ்ப் பலகை வைத்த பேருந்துகளில் பாலக்காடு வருவார். அங்கிருந்து நாங்கள் இருவரும் திருச்சூர் பேருந்தில் போவோம். ஒவ்வொரு முறையும் மடியில் ஒரு பை நிறையப் பூண்டு இருக்கும். உள்ளே கொடுக்க விடமாட்டார்கள் என்று தெரியும். திரும்பும்போது என்னிடம் கொடுத்துவிடுவார்.

பார்வையாளர் அறையில் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் அவர் வெள்ளை உடுப்பில் வந்து நின்றார். சிறையின் சப்பாத்திக் கூடத்தில் வேலை. கை முட்டிவரை மாவு.

“மாமா, ஒரு வார்த்தைதானே” என்று ஆரம்பித்தார் மனைவி. “அன்னிக்குச் சொன்னீகள்ல.”

“அன்னிக்குச் சொன்னதுக்குத்தான் இங்க நிக்கிறேன்.”

“அது ஊருக்குச் சொன்னது. இது யாரோ ஆபீசருக. அவுக காதுல போட்டுட்டு வந்துருங்க. யாருக்குத் தெரியப் போகுது?”

அவர் பேச்சை மாற்றினார். “மகளைக் கேட்டு யாரோ வந்தாகன்னு சொன்னியே?”

“வந்தாக. அப்பா எங்கன்னு கேட்டாக. கோயம்புத்தூர்ல மில்லுலன்னு சொன்னேன்.”

“மில்லுல என்ன வேலையாம் எனக்கு?”

“சப்பாத்தி சுடுற வேலை.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற வார்டரும், தமிழ் எவ்வளவு புரிந்ததோ, சிரித்தார். மனைவிதான் முதலில் நிறுத்தினார்.

“மில்லுன்னு எத்தன நாளைக்கு மாமா சொல்ல?”

“செஞ்சேன்னு ஒத்துக்கிட்டு வந்தா மட்டும் என்ன சொல்லுவ? கொன்னுட்டு, வருத்தப்பட்டு வந்துட்டாருன்னா? இப்பவாவது இல்லன்னு சொல்ல ஒரு ஆளு இருக்கேன். நானும் ஆமான்னுட்டா, அவளுக்கு யாருமில்ல.”

மனைவி வயலைப் பற்றிப் பேசினார். நேரம் முடிந்தது என்று வார்டர் சொன்னதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். பேருந்து வடக்கஞ்சேரி வந்தபோது, “பெரியவரக் கூட்டியாரேன், அக்கா. அவரு சொன்னா இவரு தட்டமாட்டாரு. அன்னிக்கும் அவரு சொல்லித்தானே விழுந்தாரு” என்றார்.

குழு கூடுவதற்கு முன் பெரியவரை அழைத்து வந்தார். முழங்கால் வலியோடு மலை இறங்கி வந்திருந்தார். வெளுத்த வேட்டி, தலையில் வெள்ளைத் துணியைச் சுற்றிக் கட்டிய பாகை. ஊர் சார்பில் ஒரு வார்த்தை சொல்லும்போது அது தலையில் இருக்க வேண்டும் என்று வழியெல்லாம் கையால் தடவிச் சரிபார்த்துக்கொண்டே வந்தார்.

சிறை வாசலில் வார்டர் மரியாதையாகத்தான் சொன்னார். “அப்பூப்பா, தலேக்கெட்டு அழிக்கணும்.” தலைப்பாகையை அவிழ்க்க வேண்டுமாம்; நீளத் துணி எதுவும் உள்ளே போகக் கூடாது என்பது விதி. நான் பெரியவரிடம் விளக்கினேன்.

“இதக் கழட்டிட்டு நான் என்னத்தச் சொல்ல, தாயி? வெறுந்தலையோட சொன்னா அது ஊரு சொன்னதாகாதே.”

வார்டரிடம் கேட்டுப் பார்த்தேன். அவர் தன் மேலதிகாரியிடம் போய்க் கேட்டுவிட்டு வந்து, முடியாது என்று கையை விரித்தார். பெரியவர் பாகையை அவிழ்த்து, நான்காக மடித்து, கைப்பேசிகள் வைக்கும் தட்டில் வைத்தார். அந்த வழுக்கைத் தலையைக் கைதியின் மனைவிகூட அவ்வளவு பக்கத்தில் பார்த்திருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

உள்ளே, அவரைக் கண்டதும் கைதி நிமிர்ந்து நின்றார்.

“எளச்சிட்டியேப்பா.”

“வயசாச்சுல்ல, பெரியப்பா. நீங்க எப்படி வந்தீக இவ்வளவு தூரம்?”

“இவ இழுத்துட்டு வந்தா.”

மனைவி பெரியவரை முழங்கையால் இடித்தார். “சொல்லுங்க பெரியப்பா.”

பெரியவர் கம்பிவலையைப் பிடித்துக்கொண்டார். “அன்னிக்கு நீ ஒருத்தனாப்பா விழுந்தே?”

கேட்டுவிட்டுப் பெரியவரே சொன்னார்.

“என் மாடு மேஞ்சிருச்சுன்னு அவன் மாட்டக் கட்டி வச்சிக்கிட்டு, எனக்கும் அவனுக்கும் எவ்வளவு நாளாப் பேச்சு இல்ல. உனக்கு முந்தி நாந்தான் விழுந்தேன். தலப்பாவக் கழட்டி வச்சிட்டு விழுந்தேன். எனக்கு ஆச்சு சொல்ல ஆளில்லாம இன்னொரு பெரியவர் வந்து சொன்னாரு. என் மேல தப்புன்னு நானுந்தான் சொன்னேன். என்னைய யாரும் பிடிக்கல.”

“தெரியும் பெரியப்பா. பாத்துக்கிட்டுத்தானே நின்னேன்.”

அன்று விழுந்தது இவர் ஒருவர் மட்டும் இல்லை என்பது வழக்குக் கோப்பில் எங்கும் கிடையாது. விசாரணையின்போது இந்த ஒரு விவரம் வெளிவந்திருந்தால், விழுவது என்றால் என்ன என்று நீதிபதியே கேட்டிருக்கக்கூடும். அதைச் சொல்லக்கூடிய இரண்டு பேரும் அன்று நீதிமன்றத்தில், கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருக்கிறார்கள். ஒருவரிடம் யாரும் கேட்கவில்லை. மற்றவர் பெரியவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. எங்களிடமும் இத்தனை காலம் சொல்லவில்லை.

பெரியவர் சொல்ல வந்ததைச் சொல்லவே இல்லை. நேரம் முடிந்தது.

வெளியே வந்ததும் மனைவி பொறுமையை விட்டார். “உங்கள எதுக்குக் கூட்டியாந்தேன்? மாட்டுக் கதை சொல்லவா? ஒத்துக்கிட்டு வாடான்னு ஒரு வார்த்தை வரலையே உங்க வாயில!”

“வரலைத்தா.” பெரியவர் பாகையைக் கட்ட முயன்றார். துணி நிற்காமல் சரிந்தது. “இன்னொரு தடவ அவனை விழுன்னு சொல்ல எனக்கு வாய் வரல.”

மனைவி துணியை அவர் கையிலிருந்து வாங்கி, அவரை பெஞ்சில் உட்காரவைத்து, தானே சுற்றிக் கட்டினார். பெண் கட்டலாமா என்று அந்த ஊரில் கேட்பார்கள். அங்கே கேட்க யாரும் இல்லை.

சிறை மதிலை ஒட்டி ஒரு விற்பனைக் கூண்டு உண்டு. உள்ளே சுடும் சப்பாத்தியை அங்கே பொதுமக்களுக்கு விற்பார்கள். ஒரு பொட்டலம் வாங்கி வந்தேன். பெரியவர் ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டு மென்றார்.

“இது அவன் சுட்டதா?”

“இருக்கலாங்க” என்றேன்.

“உப்பு கம்மி.”

“அவுக கை அப்படித்தான்” என்றார் மனைவி.

மறுநாள் கல்பாத்தியில் பெரியவர் சொன்னதை வக்கீல் முழுக்க எழுதி வாங்கி, விடுதலைக் குழுவுக்கு அனுப்பினார். குற்றம் நடந்ததா இல்லையா என்று பார்க்கும் அதிகாரம் அந்தக் குழுவுக்குக் கிடையாது, தீர்ப்பை வைத்துக்கொண்டுதான் அது பேச முடியும் என்று தெரிந்தே அனுப்பினார். கூடவே வேறொரு மனுவும் சிறைத் துறைக்குப் போட்டார். ஒப்புக்கொள்வதை விடுதலைக்கு நிபந்தனையாக வைத்தால், செய்தவன் வெளியே போவான், செய்யாதவன் உள்ளே இருப்பான் என்று அதில் எழுதியிருந்தார். கேள்வியை எல்லாக் கைதிகளுக்குமே எடுத்துவிடச் சொல்லும் மனு அது. பெற்றுக்கொண்டோம் என்ற பதில் வந்தது. அதற்குப் பிறகு இதுவரை எதுவும் வரவில்லை. மாதம் ஒருமுறை அவர் நினைவூட்டுகிறார்.

குழு கூடிய அன்று எனக்கு உள்ளே அனுமதி இல்லை. நடந்ததைச் சிறை நலன் அலுவலர் பிறகு சொன்னார். சிறை நடத்தை பற்றிய அறிக்கை நன்றாக இருந்ததாம். தலைவர் கேள்வியைக் கேட்டதும், மொழிபெயர்ப்பாளருக்காகக் காத்திராமல், உள்ளே கற்றுக்கொண்ட மலையாளத்தில் இவரே பதில் சொல்லியிருக்கிறார்.

“ஞான் செய்திட்டில்ல, சாறே.”

அவர்கள் இன்னொரு முறை, வேறு வார்த்தைகளில், உதவி செய்யும் தொனியில் கேட்டிருக்கிறார்கள். இன்னொரு முறையும், நான் செய்யவில்லை என்பதையே சொல்லியிருக்கிறார்.

இந்த மழைக்காலத்தில் செத்தவரின் தாய் இறந்துபோனார். மனைவி துக்கத்துக்குப் போனார். அந்தக் கிழவி தன்னைப் பார்த்தாலே தூற்றுவார், தானும் திருப்பிப் பேசியிருக்கிறேன் என்று ஒருமுறை என்னிடம் சொல்லியிருந்தார். சாவு எடுக்கும் முன் பெரியவர் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். யாரும் முன்னால் வரவில்லை. இப்போதெல்லாம் எந்தச் சாவுக்கும் யாரும் விழுவதில்லை என்றார் மனைவி. விழுந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

“நீங்க?” என்று கேட்டேன்.

“காலு போகலக்கா. அந்தச் சண்டை கிழவிகூடவே போயிருச்சு.”

குழுவின் உத்தரவு கைக்கு வந்ததும் நானும் மனைவியும் இந்தப் பக்கமும், அவர் அந்தப் பக்கமுமாகக் கம்பிவலையருகே நின்றோம். அவருக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது. வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன். கைதியின் நடத்தை திருப்தியாக உள்ளது. ஆனால் செய்த குற்றத்தைக் கைதி ஒப்புக்கொள்ளவில்லை. வருத்தம் தெரிவிக்கவில்லை. விடுதலைக்குப் பரிந்துரைக்க இயலவில்லை.

“நடுவுல இருக்கறத இன்னொரு தடவ சொல்லுங்க.”

சொன்னேன்.

“நான் சொன்னத இந்தத் தடவதான் அப்படியே எழுதியிருக்காக” என்றார்.

மனைவி அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அடுத்த கூட்டம் எப்போது என்று என்னிடம் கேட்டார். தெரியவில்லை என்றேன். சொல்லு, ஒத்துக்கொள் என்று அன்று அவர் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் கேட்டதில்லை. மகள் விஷயம் என்ன ஆனது என்று கணவர் கேட்டார். அந்த இடம் வேண்டாம் என்று ஆகிவிட்டது என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு, மனைவி பூண்டுப் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

வார்டர் கடிகாரத்தைக் காட்டினார்.

“நாளைக்கு நம்ம முறைத் தண்ணி” என்றார் மனைவி. “ராவுலதான் விடுவாகளாம். போயி மடை திறக்கணும்.”

“மழையா?”

“விடாமத் தூறிக்கிட்டிருக்கு.”

“அப்ப கல்கட்டு மேல நடக்காத” என்றார். “சுத்திப் போ.”

சரி என்று மனைவி தலையை ஆட்டினார். உள்ளே திரும்பி நடந்த கணவர், கதவுக்குப் பக்கத்தில் நின்று, மறுபடியும் அதையே கையைச் சுற்றிக் காட்டினார்: சுத்திப் போ.